தேறாத வீடு

“சார், ஜன்னலை விட்டுட்டீங்களே. இந்த இடுக்குல கையை வச்சுப் பாருங்க, அனல் அடிக்கும்.”

வீட்டுக்கார அம்மாவே காட்டிக்கொடுத்தார். அதிகாரிக்கு ஆச்சரியம்.

மின்சாரத்தை வீணாக்காத வீடுதானா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. புதுச் சட்டம். விரிசலை மறைக்க பீரோவை நகர்த்தி வைக்கும் வீட்டுக்காரர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார். இந்த அம்மா பீரோவை நகர்த்தி விரிசலைக் காட்டினார்.

“மாடிக்கும் போய்ப் பாருங்க சார். மேல்தளம் சூட்டை அப்படியே உள்ள இறக்கும்.”

மாடியில் குடியிருந்த தையல்காரப் பெண் இதற்கு நேர் எதிர்.

“சூடா? இங்கயா? நான் ஃபேனே போடறதில்ல சார்.”

சொல்லும்போதே அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

“ஏம்மா பொய் சொல்றீங்க?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “வீடு தேறலைன்னா ரிப்பேர் செலவு வீட்டுக்கார அக்கா தலையில விழும். எனக்கு வேர்த்தா துடைச்சுக்கறேன். கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்.”

அதிகாரிக்குச் சட்டென்று விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. வீடு தேறவில்லை என்பதைச் சாக்காக வைத்து ஆளைக் கிளப்பப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இப்படிப்பட்ட பெண்ணையா? கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கைப் போட்டு முடித்துக் கீழே இறங்கினார்.

“பாஸ் மார்க் நாப்பதும்மா. உங்க வீடு இருபத்தாறு.”

அந்த அம்மா முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதிகாரிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“ரொம்ப சந்தோஷப்படாதீங்க. இதைச் சொல்லி மாடியைக் காலி பண்ண முடியாது. சரி பண்ண ஒரு வருஷம் டைம். அதுவரைக்கும் குடியிருக்கறவங்களைக் கிளப்பக் கூடாது. வீட்டை விக்கவும் கூடாது.”

“விக்கவே கூடாதா?”

“கூடாது.”

“அதை அப்படியே எழுத்துல குடுத்துடுங்க சார். ரிப்பேர் செலவு ஆனா ஆகட்டும். வீட்டுல பாதி எங்க அண்ணனோடது. நாளைக்கு விலை பேச ஆளைக் கூட்டிட்டு வர்றார். வாங்கறவர் மாடியைக் காலி பண்ணித் தரணும்னு சொல்லிட்டாராம். மேல இருக்கிற பொண்ணோட மகளுக்குப் பரீட்சை முடிய இன்னும் பத்து மாசம் இருக்கு. அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. சட்டமாவது சொல்லட்டும்.”