ஐந்து மணி டிஸ்க்

“புளூடூத்தா? இந்த மாதிரி சிடி மெஷின் வாங்க வர்றவங்க அதைக் கேக்கவே மாட்டாங்க சார். ஒயர் இருந்தாத்தான் சத்தம் சுத்தமா வரும்.”

கம்பியில்லாத எதுவும் அந்தக் கடைக்காரருக்கு ஆகாது. அதனாலேயே அந்தத் தெருவில் அவருக்கு ‘ஒயர்’ என்று பெயர். எதிரே நின்ற ஓய்வுபெற்ற ரயில் டிரைவரோ பிடித்த பிடியை விடவில்லை.

“சத்தம் எப்படியோ இருக்கட்டும். மெஷின் என் சம்சாரம் ரூம்ல இருக்கும். அது ஓடுறது ஹால்ல இருக்கிற எனக்குத் தெரியணும். எனக்குத் தெரியுதுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது.”

“வீட்டுக்குள்ளயே ஒட்டுக் கேக்கறதா? என்ன பாட்டு கேக்கறாங்கன்னு அம்மாகிட்ட நேராவே கேட்டுடலாமே சார்.”

டிரைவர் சிரிக்கவில்லை. “எங்க பொண்ணு பாடின டிஸ்க். அவ தவறிப் போய் மூணு வருஷம் ஆச்சு.”

ஒயர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திட்டு அதைப் போடுவா. நாப்பது நிமிஷம். நான் வெளியே சத்தம் காட்டாம நிப்பேன். இப்போ முட்டி கேக்க மாட்டேங்குது. பழைய மெஷினும் போன வாரம் படுத்துடுச்சு. கீறல் விழுந்த டிஸ்க், சாதாரண மெஷின்ல திக்குது.”

அதற்கு மேல் ஒயர் வாதாடவில்லை. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார். கீறல் இருந்தாலும் திக்காது. வைஃபை, புளூடூத் இரண்டும் உண்டு. ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று போனிலேயே தெரியும். கம்பியில்லாத ஹெட்போன் ஒன்றையும் அவராகவே சேர்த்து வைத்தார்.

“ஹால்ல உக்காந்தபடியே நீங்களும் பொண்ணு பாட்டைக் கேக்கலாம் சார்.”

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் நாலரை மணிக்கு ஒயரே வீட்டுக்கு வந்து மெஷினைப் பொருத்தினார். டிரைவர் ஹாலில் இருந்தார். அவர் மனைவி அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தார்.

“தம்பி, சோபா மெத்தைக்கு அடியில ஒரு ஹெட்போனை ஒளிச்சு வெச்சிருக்காரு. ஒளிக்கக்கூடத் தெரியாத மனுஷன். அதுல மட்டும் பாட்டு கேக்கற மாதிரி, இந்த ரூம்ல சத்தமே வராம பண்ண முடியுமா?”

“ஏம்மா, நீங்க கேக்க வேணாமா?”

“என்னால ஒரு வரிகூடக் கேக்க முடியாது தம்பி. முதல் நாள் போட்டப்பவே மயங்கி விழுந்துட்டேன். மறுநாள் டிஸ்க்கைக் கண்ணுல படாம எடுத்து வெச்சுடலாம்னு உள்ளே வந்தேன். கதவுக்கு அடியில அவர் கால் நிழல் தெரிஞ்சுது. பாட்டுக்காகத்தான் வந்து நிக்கறார். கேட்டா எனக்கு வேணாம்னு சொல்லிடுவார். வாய்விட்டு அழத் தெரியாதவர்.” அந்த அம்மாவின் குரல் உடைந்தது. “அவருக்காகத்தான் தினமும் போடறேன். போட்டுட்டு பால்கனியில போய் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

ஒயர் அறையின் ஸ்பீக்கரை நிறுத்தினார்.

“இனிமே ஹெட்போன்ல மட்டும்தான் வரும்மா. நீங்க காதைப் பொத்திக்க வேண்டாம்.”

ஹாலுக்கு வந்தபோது அவருக்கு மனம் கொஞ்சம் லேசாகியிருந்தது. இத்தனை வருடம் தான் திட்டித் தீர்த்த புளூடூத் இரண்டு பேருக்கும் ஒரு நல்லது செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மணி ஐந்து. டிரைவரின் போனில் டிஸ்க் ஓடத் தொடங்கியது தெரிந்தது. ஒயர் மெத்தைக்கு அடியிலிருந்து ஹெட்போனை எடுத்து நீட்டினார்.

டிரைவர் அதைக் கையால் தள்ளினார். கண் மட்டும் போனை விட்டு நகரவில்லை.

“இதை எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. டிஸ்க் முடிஞ்சும் அவ கதவைத் திறக்கலைன்னா நான் உள்ளே ஓடணும், அதுக்கு இந்த போன் போதும். அந்தக் குரலைக் கேக்கற தைரியம் எனக்கு என்னிக்குமே இருந்ததில்ல. மூணு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்க நின்னதே, அவ மறுபடி மயங்கி விழுந்தா தூக்கத்தான்.”