கடிக்கிற பூட்ஸ்

எங்கள் முதலாளி ஹேகனுக்கு வாய் சும்மா இருக்காது. அதிலும் பூட்ஸ் பேச்சு வந்துவிட்டால் போச்சு, மனிதர் பிரசங்கமே வைத்துவிடுவார்.

மரம் வெட்டுகிறவனுக்குக் கோடாரி, ரம்பமெல்லாம் அப்புறம், பூட்ஸ்தான் முதலில் என்பார். குதிகால் உயரமாக இருக்கணும். உள்ளங்காலுக்கு அடியில் இரும்புப் பட்டை இருக்கணும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கணும், ஆனால் விரல்கள் தாராளமாக அசையணும். கடைக்குச் சாயங்காலம்தான் போகணும், வேலை செய்து கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கணும். ஆரகன் மலையில் இந்த உபதேசத்தைக் கேட்காத ஆளே கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் புது பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலிவாய்க் கிடைத்ததென்று போட்டுப் பார்க்காமல் வாங்கியிருப்பார், திருப்பிக் கொடுத்து வேறு வாங்கவும் மனசு வராது, கஞ்சப் பிசினாறி என்று ஆளாளுக்குப் பேசினோம். அவர் காதிலும் விழுந்தது. நொண்டிக்கொண்டே அடுத்த மரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் தனியாக ஒரு கோபமும் இருந்தது. டொய்வோ விஷயம்.

டொய்வோ எங்கள் ஆட்களிலேயே கெட்டிக்கார மரமேறி. பூட்ஸில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு உச்சிவரை சரசரவென்று போவான். போன குளிர்காலத்தில் ஒரு கட்டை உருண்டு வந்து அவன் வலது கால் விரல்களைக் கொண்டுபோய்விட்டது. புண் ஆறித் திரும்பி வந்தபோது, அந்தக் கால் பழைய பூட்ஸுக்குள் லொடலொடவென்று ஆடியது. கம்பளித் துணியை அடைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தான். பாதி மரத்தில் கால் உள்ளே புரண்டு, முள் பிடி விட்டுவிட்டது. இடுப்புக் கயிறு தாங்கியதால் பிழைத்தான்.

கீழே இறங்கியதும் ஹேகன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “காலுக்குப் பொருந்துற பூட்ஸோட வா. இல்லேன்னா இனிமே மரத்துல கையை வைக்காத.”

விரல் போனவனிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு இப்போது இரண்டு காலும் இரண்டு அளவு. இரண்டு ஜோடி வாங்கி ஜோடிக்கு ஒன்றாய் எடுத்துப் போட வசதி இல்லை. நாங்கள் ஆளாளுக்குத் தொப்பியை நீட்டி ஏதோ காசு சேர்த்துக் கொடுத்தோம். பிச்சை எடுக்கிற அளவுக்கு நான் போயிடலை என்று தொப்பியோடு திருப்பிக் கொடுத்துவிட்டான். அவ்வளவு ரோஷம். மரம் ஏற முடியாத ஊரில் எனக்கென்ன வேலை என்று மூட்டை கட்டவும் ஆரம்பித்தான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பூட்ஸ் கடை இர்மா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். கம்பெனிக்காரன் மாற்றிப் போட்டு ஒரு ஜோடி அனுப்பிவிட்டான், இடது பத்து, வலது ஒன்பது, யார் காலுக்கும் ஆகாமல் மூலையில் கிடக்கிறது, ஒரு ஜோடி விலையைக் கொடுத்து நீயாவது எடுத்துக்கொண்டு போ என்றாளாம்.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடா. கடவுளுக்குக் கண்ணு இருக்கு” என்று டொய்வோ பெட்டியைத் திறந்து காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே உச்சியில் நின்று கையாட்டினான்.

நேற்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வாண்டா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். எங்கள் பூட்ஸுக்கு அடியெல்லாம் ஆணி. அதோடு உள்ளே கால் வைத்தால் பலகைத் தரை சல்லடையாகிவிடும், அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதனால் வாசலிலேயே கழற்றி வரிசையாக விட்டுவிட்டுத்தான் போவோம்.

சூடாக மீன் சூப்பும் ரொட்டியும் வந்தன. இன்னொரு கோப்பை சூப்புக்காக ஹேகன் எழுந்து அடுப்படிவரை போய்வந்தார். டொய்வோ அதைக் கவனித்துவிட்டான்.

“பூட்ஸ் இல்லாம நல்லாத்தானே நடக்குறீங்க முதலாளி? பூட்ஸ் வாங்கும்போது போட்டுப் பார்க்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

கடையே சிரித்தது. ஹேகனும் சேர்ந்து சிரித்தார். “வயசாகுதுல்ல, மறந்துட்டேன்.”

வேனை ஓட்டுகிறவன் நான். மழை விட்டதும் முதலில் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் எல்லாம் ஒரே மாதிரி பூட்ஸ், ஒரே சேறு. என் அளவு பத்து. என்னுடையது என்று நினைத்து ஒன்றில் வலது காலை விட்டேன், ஜம்மென்று போனது. இடது போகவில்லை. மல்லுக்கட்டிப் பார்த்தேன், விரல் நசுங்கியதுதான் மிச்சம்.

பூட்ஸின் நாக்கைப் புரட்டி உள்ளே போட்டிருந்த அளவைப் பார்த்தேன். வலது பத்து. இடது ஒன்பது.

டொய்வோவின் பெட்டியில் இருந்தது இடது பத்து, வலது ஒன்பது. யாரோ பத்தில் ஒன்று, ஒன்பதில் ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்கியிருக்கிறார்கள்; அதில் அவனுக்குப் போக மீந்தது என் காலில் இருந்தது. கம்பெனிக்காரன் எதையும் மாற்றிப் போடவில்லை.

நிமிர்ந்தேன். காலுறையோடு ஹேகன் நின்றுகொண்டிருந்தார், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி.

“முதலாளி... இது...”

உள்ளே டொய்வோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஹேகன் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

“மரம் ஏறப் போறது அவன். தரையில நிக்கிறவனுக்குக் கொஞ்சம் கடிச்சா என்ன? சீக்கிரம் கழட்டு, அவன் வந்துடப் போறான்.”