இடியின் தாலாட்டு

பாட்டுப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் மாலையில் அதே கேள்வி: ‘இப்ப என்ன கேட்டுட்டிருக்கீங்க?’

காது கிழியும் பாட்டாகவே போட்டுவந்த ‘இடி’, சில நாட்களாகத் தாலாட்டாகப் போட்டான்.

"என்னடா, இடி ஓஞ்சு தூறல் போடுது?" என்று கலாய்த்தார்கள். மறுநாளும் தாலாட்டுதான் வந்தது.

முன்பு அவனுக்கு ஹெட்போன் அனுப்பிய முகவரி ஒரு நண்பனிடம் இருந்தது. நேரிலேயே போனான்.

கதவைத் திறந்தவர் கையில் போன்.

"இடி இருக்கானா அங்கிள்?"

"நான் அவன் அப்பா. அவன் போன வருஷமே எங்கள விட்டுப் போயிட்டான்ப்பா. தினமும் கேக்குறீங்க, பதில் சொல்லாம இருக்க மனசு வரல."

"அப்ப... இந்தத் தாலாட்டு?"

"அவன் சேத்து வெச்ச பாட்டெல்லாம் தீந்துபோச்சு. அவனத் தூங்க வெச்ச பாட்டு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."