தையல் போட்ட முதுகு

கத்தி கேன்வாஸின் மேல் மூலையில் இறங்கியது.

சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், படம் வயிறு கிழிந்து தொங்கியது.

"வரைவியா? இனிமே வரைவியா?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வெட்டு விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த வயதிலும் மனிதருக்குக் கையில் நல்ல வலு.

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை மட்டும் மறக்காமல் தண்ணீரில் போட்டாள். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரஷ் எதற்கும் உதவாது.

காலமெல்லாம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ரிட்டயர் ஆன பிறகும் தெருவுக்கே அவள் சிஸ்டர்தான். வெட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய வீட்டுக்காரர். கிடங்கில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றபோது, அட்டைப்பெட்டி கிழிக்கிற கத்தியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

வெளியே தங்கமான மனிதர். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தத் தங்கத்தையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

ஸ்டாண்டை எட்டி உதைத்தார். படம் மல்லாக்க விழுந்தது. அதன் மேல் ஏறி நின்று மிதித்தார்.

படத்தில் இருந்தது ஒரு பெண்ணின் முதுகு. அவள் எப்போதும் அதைத்தான் வரைவாள். ஆள் உயரத்துக்கு, முகம் காட்டாமல் நிற்கும் முதுகு.

வழக்கமாக இதற்குப் பிறகு அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பச்சைப்பிள்ளை போலத் தூங்குவார். சிஸ்டர் வளைந்த ஊசியை எடுப்பாள். காய்ந்த அக்ரிலிக்கும் தோல் மாதிரிதான், இழுத்தால் வளைந்து கொடுக்கும். தியேட்டரில் பெரிய டாக்டரே கடைசியில் "நீங்க மூடிடுங்க சிஸ்டர்" என்று கையுறையைக் கழற்றிவிட்டுப் போவார். அந்தக் கை. வெட்டுக்கு வெட்டு, முடிச்சு முடிச்சாகத் தைத்து, படத்தை ஓவிய வகுப்புக்கு எடுத்துப் போய்விடுவாள். அவரோ, எல்லாம் குப்பைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று பார்த்து ஓவிய மாஸ்டர் வந்து நின்றார். கண்காட்சிக்குப் படம் வேண்டுமாம்.

தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அடடா, இதுவும் ரெடியா! சார், முதுகு யாரு வேணா வரையலாம். இந்த வெட்டும் தையலும்தான் சார் அம்மாவோட ஸ்டைல். ஜனங்க இதைப் பாக்கத்தான் வராங்க."

சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார், புண்ணியவான்.

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் கை வலிக்க வலிக்க வெட்டி, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்!

கத்தியை மேசையில் வைத்தார். படத்தை அலுங்காமல் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். ஒரு மூலை வளைந்திருந்ததைக்கூட நிமிர்த்திவிட்டார்.

"இனிமே உன் படத்துல கை வைக்கவே மாட்டேன்."

பிறகு கதவைத் தாழ் போட்டார்.

சிஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

அவள் ஆசைப்பட்டு பிரஷ்ஷைப் பிடித்தவள் இல்லை. ரிட்டயர் ஆன புதிதில், விலா எலும்பு விரிசல் விட்டுப் படுத்திருந்தபோது, மாடியிலிருந்து விழுந்ததாக நம்பிய மகள் பொழுதுபோகட்டும் என்று பெயிண்ட் வாங்கி அனுப்பினாள். கையகலப் படம் ஒன்று வரைந்து வைத்தாள். கையை ஓங்கிக்கொண்டு வந்த மனிதர், வழியில் அது கண்ணில் பட, முதலில் அதை உடைத்தார். உடைத்த களைப்பில் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்கு அவள் மேல் ஒரு அடி விழவில்லை.

மறுநாளே பெரிய கேன்வாஸ் வாங்கினாள். பிறகு அதைவிடப் பெரியது. கதவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு வரைந்தாள். அந்த முதுகு வாங்கியதெல்லாம் இந்த முதுகுக்கு வரவேண்டியது. வரைய வரைய வரைவது பிடித்தும் போனது, அது பிறகு.

இப்போது நடுவில் ஒன்றும் இல்லை.

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காதுக்குள் கொய்யென்றது. இரண்டாவதில் மேசை மேல் போய் விழுந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் சிதறின. முடியைப் பிடித்து இழுத்து நெற்றியை மேசையில் மோதினார். வாயில் உப்புக் கரித்தது.

அவள் கைக்குக் கத்தி தட்டுப்பட்டது.

அவர் முடியை விட்டுவிட்டுச் சிரித்தார். "குத்துவியா? எங்க, குத்து பாப்போம்!"

அவள் எழுந்து சுவரோரம் போனாள். அந்த முதுகில் தோளிலிருந்து இடுப்புவரை வெட்டுப் படாத இடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கே கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் வெட்டியதெல்லாம் கோணல் மாணல், பிசிறு. இது நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. எத்தனையோ படங்களில் அவள் கையால் போட்ட முதல் வெட்டு.

 

திரும்பினாள். கத்தி அவருடைய விலாவுக்கு நேராக நின்றது.

"இதைத் தைச்சுக்குவேன். உங்களத் தைக்க மாட்டேன்."

கண்ணைக் கத்தியிலிருந்து எடுக்காமல் அவர் பின்னோக்கி நகர்ந்தார். முதுகுக்குப் பின்னால் கைவிட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினார். தானே போட்ட தாழ்ப்பாள், லேசில் அகப்படவில்லை.