சும்மா இருக்கிறவர்

"இந்த ஆளை இன்னைக்கே நிறுத்திடுங்க சார்" என்றான் ராஜேந்திரன்.

"யாரைங்க தம்பி?" என்றார் மெஸ் நடத்தும் பலராமன்.

"அதோ, கை கழுவுற தொட்டிகிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்காரே, அந்த இருசப்பனை."

ராஜேந்திரன் மெட்ராஸில் நிர்வாக இயல் படிக்கிறான். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு தொழிலை ஆறு வாரம் ஆராய்ந்து ஆலோசனை சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. அண்ணாமலையார் தரிசனத்துக்கு வந்தபோது பலராமன் மெஸ்ஸில் சாப்பிட்டு ருசி கண்டிருந்த பேராசிரியர், இவனை இங்கே தள்ளிவிட்டார்.

"பயிற்சியை முழுசா பயன்படுத்திக்கோ. ஒரு வீண் செலவையாவது கண்டுபிடிக்காம வந்தா, பம்பாய் கம்பெனி வேலையை மறந்துடு" என்று மிரட்டியும் அனுப்பியிருந்தார்.

பயல் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டான். மெஸ் மாடியில் ஃபேன் காற்றில் தூங்கினான். எண்பத்து மூணாம் வருஷத்து மே மாத வெயிலில், மலையே கொதிக்கிற திருவண்ணாமலையில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஸ்டாப் வாட்சோடு பந்திக்கு நடுவே நின்றான். டை இரண்டு தடவை ரசத்தில் நனைந்தது.

‘இன்னும் கொஞ்சம் சாம்பார் வேணுமா?’ என்று கேட்பதை நிறுத்தினால் இலைக்கு நாலு விநாடி மிச்சம் என்று கண்டுபிடித்தான். ஒரு நாள் நிறுத்தியும் பார்த்தார்கள். அன்றைக்குச் சாப்பிட வந்தவர்கள் கேட்ட கேள்விகளை அறிக்கையில் எழுத முடியாது.

மிஞ்சியது இருசப்பன்தான்.

ஐம்பது வயசு, வெள்ளை வேட்டி. காலையில் வந்து ஸ்டூலில் உட்காருவார். கை கழுவ வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுவார். பந்தியெல்லாம் முடிந்தபின் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"அவருக்கு என்ன வேலை?" என்று சமையற்காரர் அர்ஜுனனைக் கேட்டான் ராஜேந்திரன்.

"அண்ணனா? சும்மாதாங்க."

இலை எடுக்கும் மணியம்மாளைக் கேட்டான்.

"சும்மாதாம்பா வந்து குந்திகினு இருக்காரு."

சம்பந்தப்பட்டவரையே கேட்டான்.

"சும்மாதான் தம்பி" என்று சிரித்தார் இருசப்பன்.

மூன்று சாட்சி போதாதா? ‘சும்மா இருப்பவர் ஒருவர். உடனே நீக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டான். அதைத்தான் இப்போது பலராமனிடம், இருசப்பன் காதிலும் விழுகிற மாதிரி, உரக்கப் படித்துக் காட்டினான்.

பலராமனின் முகம் கறுத்துவிட்டது.

"தம்பி, இந்த எடம் யாருதுன்னு தெரியுமா? மாடியில நீங்க தூங்குற ரூமு யாருதுன்னு தெரியுமா? வேலூர்ல எச்சில் எலை எடுத்துக்கினு இருந்தவன் நானு. கூட்டியாந்து, ‘இங்க அடுப்பு வையிடா’ன்னாரு. லைசென்ஸ் இன்னைக்கும் அவரு பேர்லதான். பத்து வருஷமாச்சு, வாடகைன்னு கை நீட்டுனதில்ல. எடத்தைச் சும்மா குடுத்துட்டு, சும்மா குந்தியிருக்காரு!"

ராஜேந்திரன் அறிக்கையை நாலாக மடித்தான்.

"குந்தியிருக்கறதும் சும்மா இல்லீங்க" என்று கரண்டியோடு வெளியே வந்தார் அர்ஜுனன். "கை கழுவ வர்றவங்க மூஞ்சியப் பாத்தே கொழம்புல உப்பு கம்மியா ஜாஸ்தியான்னு சொல்லிடுவாரு. அடுத்த பந்திக்குள்ள நான் சரி பண்ணிடுவேன். உங்க கடியாரம் சொல்லுமா அதை?"

கடியாரம் என்ன சொல்லும்? அதன் சொந்தக்காரன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் கையில் இன்னொரு காகிதமும் இருந்தது. முதலாளிகளுக்குப் புரியட்டும் என்று பேராசிரியர் தமிழிலேயே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் படிவம். ‘லைசென்ஸ்தாரர் கையொப்பம்’ என்று அடியில் போட்டிருந்தது. அது இல்லாவிட்டால் அறிக்கையும் செல்லாது, பம்பாயும் கிடையாது.

பலராமன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டூல் பக்கம் கையைக் காட்டினார்.

ராஜேந்திரன் போய்ப் படிவத்தை நீட்டினான். இருசப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"‘பயிற்சியில் செய்த வேலை’ன்னு ஒரு கட்டம் இருக்கே தம்பி. உள்ளதை எழுதட்டுமா, உங்களுக்கு வேலை கெடைக்கிற மாதிரி எழுதட்டுமா?"

ராஜேந்திரன் பேனாவை எடுத்து நீட்டினான்.

"வேலை கிடைக்கிற மாதிரியே... எழுதிடுங்க ஐயா."

எழுதினார். நாலு வரி, தாராளமாகவே புகழ்ந்து. கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"இதுக்கு நான் உங்களுக்கு என்ன ஐயா செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி" என்றார் இருசப்பன். "சும்மாதான்."