இங்கிலீஷ்ல சொல்லுங்க

பனியன் கம்பெனி அலுவலக வேலைக்கு மேனேஜர் தேர்ந்தெடுத்து அனுப்பிய இரண்டு பெண்களில் முதலில் வேல்விழி உள்ளே வந்தாள்.

"ஒருத்தரைத்தான் எடுக்க முடியுமுங்க. வெளியில இருக்கற இன்னொருத்தருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றார் முதலாளி அருண்குமார்.

"ஐ ஹேவ் எ ஸ்மால் மோல் நியர் மை லெஃப்ட் இயர், சார்."

அருண்குமாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேள்வியே புரியவில்லை போலிருக்கிறதே!

"மச்சத்தை யாருங்க கேட்டாங்க? வேற எதுவும் இல்லீங்களா?"

"யோசிச்சுப் பாத்துட்டேன் சார். வேற ஒண்ணுமே இல்ல."

பெருமூச்சு விட்டபடி அடுத்தவளை அழைத்தார். கதவைத் திறந்துகொண்டு அதே முகம், அதே சிரிப்போடு வந்து நின்றது.

"வணக்கம் சார். நான் கயல்விழி. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க."

அருண்குமார் வாய்விட்டுச் சிரித்தார்.

"கேள்விதானுங்க தப்பு! ரெண்டு பேருமே திங்கக்கிழமை வந்துருங்க."