கேட்காமலே கிடைத்த அனுமதி

“ராஜராஜா, போவணுமாடா?”

பையன் கையைத் தூக்கவில்லை, சுண்டு விரலையும் காட்டவில்லை. கணக்கைப் பாதியில் நிறுத்திய பரணிதரன் சார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அவராகவேதான் கேட்டார்.

“ஆமா சார்” என்று எழுந்த ராஜராஜன் வாசலைத் தாண்டி ஓடினான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை ஷைலஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடம் நடக்கும்போது யாரும் பாத்ரூம் போகக் கூடாது என்பது பூதலூர்ப் பக்கத்து அந்தப் பள்ளியில் அவர் போட்ட சட்டம். அவர் கண்ணெதிரிலேயே அது மீறப்படுகிறது.

சட்டம் போட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருவன் எழுந்தால் அவன் பின்னாலேயே அரை வகுப்பு எழுந்துவிடும். போனவர்கள் திரும்புவதற்குள் மணி அடித்துவிடும். சட்டம் வந்த பிறகு பள்ளி கப்சிப் என்று இருந்தது. எட்டாம் வகுப்பு எழில்மொழி காய்ச்சலில் விழும்வரை.

அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது என்றார் டாக்டர். அவள் அம்மா தங்கமணி நேற்று ஷைலஜாவின் அறைக்கே வந்து நின்றாள்.

“ஆத்திரத்த அடக்குனாலும் மூத்திரத்த அடக்கக் கூடாதுன்னு படிக்காத எனக்கே தெரியுது. ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? கிளாஸ்ல வந்துருமோன்னு பயந்துகிட்டு எம் பொண்ணு காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா டி.சி.யக் குடுத்துருங்க, நான் வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறேன்.”

அப்போதிலிருந்து ஷைலஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளையைப் படுக்கையில் தள்ளிவிட்டோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். சட்டத்தை எடுத்தால் பள்ளி சந்தைக்கடை ஆகிவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம்.

சட்டத்தை மதிக்காதவர் பள்ளியிலேயே ஒருவர்தான். பரணிதரன் சார் பாதிப் பாடத்தில் பையனை வெளியே விடுகிறார் என்று அடிக்கடி புகார் வரும். ஆனால் அவர் வகுப்பில் சின்னச் சத்தம்கூடக் கேட்பதில்லை என்பதைப் புகார் சொன்னவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த வித்தையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றுதான் ஷைலஜா வந்திருந்தார்.

“சார், என் ரூல் ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் டீச்சர்.” பரணிதரன் சாக்பீஸை மேஜையில் வைத்தார். “ஆனா புள்ளைங்க வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படும். மொகத்தப் பாத்து நாமதான் புரிஞ்சிக்கணும்.”

“அவன் மொகத்துல எனக்கு ஒண்ணும் தெரியலையே?”

“அது பழகப் பழக வரும் டீச்சர்.”

ஷைலஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷ சர்வீசில் எந்தப் பிள்ளையின் முகத்தையாவது அவர் இப்படிப் படித்ததுண்டா? பேசும்போதே பரணிதரன் இரண்டு தடவை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். போன பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலை போலிருக்கிறது. பெற்றவர்களுக்குக்கூட இவ்வளவு கரிசனம் இருக்காது.

முன் பெஞ்சில் வானதி சுண்டு விரலைக் காட்டினாள். “சார், நானும் போகட்டுமா?”

“அவன் வரட்டும்மா. அப்பறம் போ.”

ஷைலஜாவின் தலையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. ஒருவர் வந்த பிறகு இன்னொருவர்! பிள்ளைக்கும் உபத்திரவம் இல்லை, வகுப்புக்கும் கேடு இல்லை. வகுப்பின் அமைதிக்கு இதுதான் காரணம் என்று அவர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

எழுந்து நின்றார். “புள்ளைங்களா, இன்னையிலேர்ந்து அந்த ரூல் கெடையாது. அவசரம்னா போகலாம், ஒருத்தர் வந்தப்பறம் ஒருத்தர். மத்த டீச்சருங்களுக்கெல்லாம் இத பரணி சார்தான் சொல்லித் தரப் போறாரு.”

வகுப்பு கைதட்டியது. பரணிதரன் கூச்சத்தோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

நின்ற இடத்திலேயே ஷைலஜா தங்கமணிக்குப் போன் போட்டார். “எழில்மொழிக்கு ஒடம்பு தேறுனதும் அனுப்பி வைங்கம்மா. நல்லாத் தண்ணி குடுத்து அனுப்புங்க. இனிமே யாரும் தடுக்க மாட்டாங்க.”

“நீங்க நல்லாருக்கணும் டீச்சர்” என்றாள் தங்கமணி. ஷைலஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

கணக்கு முடிந்து அடுத்த கணக்கும் முடியப்போகிறது, ராஜராஜனைக் காணோம். வானதி பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தாள். ஷைலஜாவுக்கே கவலை வந்துவிட்டது.

ஒருவழியாக மூச்சு வாங்க அவன் வாசலில் வந்து நின்றான். பேன்ட் முழங்கால்வரை ஏறியிருந்தது, காலெல்லாம் சேறு.

ஷைலஜா எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். புதிதாகக் கற்ற பாடத்தின்படி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏம்ப்பா இவ்வளவு நேரம்? வயித்துக்கு ஏதாச்சும் பண்ணுதா?”

பரணிதரன் பலமாக இருமினார். பையன் அதைக் கவனிக்கவில்லை.

“அதெல்லாம் இல்ல டீச்சர், இன்னிக்கு நம்ம சார் வயலுக்குத் தண்ணி மொற, மடையத் தொறந்து விட்டுட்டு வர்றேன்.”